என் குழந்தை நாடகம் வேறொருவர் பெயரில்: பதிப்புரிமைப் பதிவு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மயூர் விகார் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சம்பளம் கிடையாது, கட்டணமும் கிடையாது. வீட்டில் தமிழ் பேசினாலும் வெளியில் நாள் முழுவதும் இந்தியில் வாழும் பிள்ளைகள். பாடம் என்றால் ஓடிவிடுவார்கள், நாடகம் என்றால் வந்து உட்காருவார்கள். அதற்காகவே சிறுசிறு நாடகங்கள் எழுதத் தொடங்கினேன். இப்போது ஒரு புத்தகம் போடும் அளவுக்குச் சேர்ந்திருக்கின்றன.

அவற்றில் ஒன்று, பால் வாங்க வரும் பாட்டியைப் பற்றியது. ஊரிலிருந்து புதிதாகத் தில்லிக்கு வந்த பாட்டி மதர் டெய்ரி பூத்தில் டோக்கன் போட்டுப் பால் பிடிக்க நிற்கிறாள். காக்கை டோக்கனைக் கவ்விக்கொண்டு போய்விடுகிறது. இந்தி தெரியாத பாட்டி பூத்காரரிடம் "கௌவா... டோக்கன்... கயா" (காக்கை... டோக்கன்... போய்விட்டது) என்று மூன்றே இந்திச் சொல்லில் முறையிடுகிறாள். 2023 பொங்கல் விழாவில் பிள்ளைகள் இதை நடித்தார்கள். பெற்றோர் பலர் படம் பிடித்துப் பகிர்ந்தார்கள்.

சென்ற மாதம் ஒரு பெற்றோர் யூடியூப் இணைப்பு ஒன்றை அனுப்பினார். வேறு ஊர்ச் சிறுவர்கள், வேறு தலைப்பு. நாடகம் மட்டும் என்னுடையது, வரிக்கு வரி. தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கிராமத்துத் தெருவைப் பின்னணியாக வரைந்து வைத்துவிட்டு, அங்கேயும் பாட்டி "கௌவா, டோக்கன், கயா" என்கிறாள். "கதை, வசனம்" என்று ஒரு பெயர் போட்டிருக்கிறார்கள். அது என் பெயர் அல்ல. நடுநடுவே விளம்பரங்கள் வருகின்றன.

மரியாதையாகவே எழுதிக் கேட்டேன். "பதிவு செய்திருக்கிறீர்களா? பதிவு எண்ணைக் காட்டுங்கள், பிறகு பேசலாம்" என்று பதில் வந்தது. நான் எதையும் எங்கும் பதிவு செய்யவில்லை. அப்படியானால் எனக்கு உரிமையே இல்லையா? இனிமேல் பதிவு செய்தால் பயன் உண்டா? சென்னையிலிருந்து ஒரு பதிப்பகம் இந்த நாடகங்களை நூலாக்கக் கேட்டிருக்கிறது. அதற்குள் இதைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன்.

கரோல்பாக் அச்சகம்:

படிக்கவே வருத்தமாக இருக்கிறது, அம்மா. எங்கள் அச்சகத்துக்கு வரும் கவிஞர்கள் ஒரு வழி சொல்வார்கள். கையெழுத்துப் பிரதியை உறையிலிட்டு ஒட்டி, தன் முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். வந்ததும் பிரிக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். அஞ்சல் முத்திரையில் தேதி இருக்கும், அதுவே பதிப்புரிமைப் பதிவுக்குச் சமம் என்பார்கள். இது செல்லுமா என்று தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

செக்டார் நான்கு:

மத்திய அரசில் சட்டப் பிரிவு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆர்.கே. புரத்தில் இருக்கிறேன். அம்மா, உங்களிடம் பதிவு எண் கேட்டவர் சொன்னது சட்டம் அல்ல. அதைக் கேட்டு நீங்கள் தயங்கவே வேண்டாம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் அந்த நாடகத்தை எழுதி முடித்தபோதே உரிமை பிறந்துவிட்டது. எழுத்து, நாடகம், இசை, ஓவியம், திரைப்படம், ஒலிப்பதிவு எல்லாவற்றுக்கும் இதுதான் விதி. பதிவு என்பது விருப்பத்தின் பேரில் செய்வது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928 முதல் இருக்கிறது. எந்தச் சடங்கும் இல்லாமல் உரிமை கிடைக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் அடிப்படைகளில் ஒன்று. பதிவு இல்லாமல் வழக்கே போட முடியாது என்று சிலர் நீதிமன்றத்தில் வாதாடிப் பார்த்திருக்கிறார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு சமையல் எண்ணெய் நிறுவனத்தின் வழக்கில் அந்த வாதத்தை விரிவாக ஆராய்ந்து தள்ளுபடி செய்தது.

அப்படியென்றால் பதிவு எதற்கு? 48ஆம் பிரிவு பதில் சொல்கிறது. பதிவேட்டில் உள்ள விவரங்கள் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக ஏற்கப்படும். அதாவது "இதை எழுதியவர் நான்" என்று நீங்கள் தொடக்கத்திலிருந்து மெய்ப்பிக்கும் சுமை குறைகிறது, மறுக்கிறவர்தான் மறுப்புக்கான ஆதாரத்தைத் தேட வேண்டும். அது பெரிய உதவி. ஆனால் அந்தச் சான்றை எதிர்த்து நிறுவவும் முடியும். அடுத்தவர் எழுதியதைத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டவர் அதனால் ஆசிரியர் ஆகிவிட மாட்டார்.

பதிவுத் தபால் உறை பற்றி: உறையால் உரிமை வருவதில்லை, ஏனென்றால் உரிமை முன்பே வந்துவிட்டது. தேதிக்கு ஒரு துணைச் சான்றாக வேண்டுமானால் காட்டலாம். ஒட்டாத உறையை அனுப்பிவிட்டுப் பிறகு உள்ளே தாள் வைக்க முடியும் என்று எதிர்த் தரப்பு வக்கீல் சொன்னால் என்ன செய்வீர்கள்? அம்மாவிடம் இதைவிட நல்ல சான்றுகள் இருக்கும். ஒத்திகைக்காகப் பெற்றோருக்கு அனுப்பிய வசனப் பிரதி, மின்னஞ்சல், விழா அழைப்பிதழ், 2023இல் எடுத்த ஒளிப்பதிவு. இவற்றை அழித்துவிடாதீர்கள், எடுத்த தொலைபேசியையும் விற்றுவிடாதீர்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதீய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தர வேண்டும். மூலச் சாதனம் கையில் இருந்தால் அது எளிது.

இன்னொன்று. கருவுக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. இதற்கு நம் நாட்டில் எல்லோரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பே தில்லியில் பிறந்தது, அதுவும் நம்மவர்களைப் பற்றிய நாடகத்தால். ஆர்.ஜி. ஆனந்த் என்பவர் கட்டடக் கலைஞர், நாடகாசிரியரும் கூட. பக்கத்து வீடுகளில் வாழும் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தையும் ஒரு மதராஸிக் குடும்பத்தையும் வைத்து அவர் எழுதிய 'ஹம் ஹிந்துஸ்தானி' 1954இல் புது தில்லி வேவல் அரங்கில் மேடையேறியது. 1956இல் 'நியூ டெல்லி' என்ற இந்திப் படம் வந்தது. அதிலும் பஞ்சாபி, தமிழ்க் குடும்பங்கள், காதல், பெற்றோர் எதிர்ப்பு. என் நாடகத்தைத் திருடிவிட்டார்கள் என்று அவர் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் தோற்றார். 1978இல் உச்ச நீதிமன்றமும் படத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மாகாணப் பற்று என்ற கரு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் படத்தில் வாடகை வீடு கிடைக்காத கதையும் வரதட்சணைக் கதையும் சேர்ந்து வேறு படைப்பாகிவிட்டது என்றது நீதிமன்றம். அங்கே சொன்ன சோதனைதான் இன்றுவரை நிற்கிறது: இரண்டையும் பார்த்த ஒரு சாதாரணப் பார்வையாளருக்கு, பிந்தையது முந்தையதன் நகல் என்ற ஐயமற்ற எண்ணம் வருகிறதா?

டோக்கனைத் தூக்கிக்கொண்டு போகும் காக்கையைப் பற்றி யார் வேண்டுமானாலும் நாடகம் எழுதலாம். ஆனால் தமிழ்நாட்டுக் கிராமத் தெருவில் நிற்கும் பாட்டி ஏன் இந்தியில் முறையிட வேண்டும்? கதைக்குத் தேவையே இல்லாத இடத்திலும் உங்கள் வசனம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகலெடுத்ததற்கு இதைவிடக் கண்கூடான அடையாளம் வேண்டியதில்லை. அந்த ஒளிப்பதிவை உடனே தரவிறக்கி, தேதி தெரியும்படி பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள்.

மேடைக்காரன்:

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. இங்கே பல ஆண்டுகளாக அமெச்சூர் நாடகம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தலைநகரில் தமிழ் நாடகம் உயிரோடு இருப்பதே ஒருவர் பிரதியை இன்னொருவர் எடுத்து நடித்ததால்தான். ஒவ்வொரு முறையும் அனுமதி, கட்டணம், வக்கீல் நோட்டீஸ் என்று போனால் பொங்கல் விழாவில் யார் நாடகம் போடுவார்கள்? பிள்ளைகள் நடித்திருக்கிறார்கள், தமிழ் பரவியிருக்கிறது. சட்டத்தைக் கொண்டுவந்து அதன் கழுத்தை நெரிக்க வேண்டுமா?

மயூர் விகார் ஆசிரியை:

சார், என் நாடகத்தை எந்த ஊர்ப் பிள்ளைகள் நடித்தாலும் எனக்கு மகிழ்ச்சிதான். கேட்டிருந்தால் நானே தட்டச்சு செய்து அனுப்பியிருப்பேன். என் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போட்டதுதான் எனக்கு வலிக்கிறது. அந்தப் பாட்டி என் மாமியார் தில்லிக்கு வந்த புதிதில் பட்ட பாட்டிலிருந்து வந்தவள். எங்கள் வகுப்பில் பாட்டியாக நடித்த சிறுமி அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நாம்தான் அவர்களைப் பார்த்துச் செய்தோமா?" என்று கேட்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது?

செக்டார் நான்கு:

மேடைக்காரர் அஞ்ச வேண்டியதில்லை, சட்டம் அவரைக் கைவிடவில்லை. 52ஆம் பிரிவில் உரிமை மீறல் ஆகாதவை என்று ஒரு நீண்ட பட்டியல் உண்டு. அமெச்சூர் குழு ஒன்று கட்டணம் வாங்காத பார்வையாளர்கள் முன்போ, ஒரு சமய நிறுவனத்தின் நலனுக்காகவோ நாடகம் நடத்தினால் அது மீறல் அல்ல. கல்வி நிலையத்தின் செயல்பாடாக ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பெற்றோரும் அந்நிலையத்தோடு தொடர்புடையவர்களும் மட்டும் பார்த்தாலும் அப்படியே. கோயில் திருவிழாவிலும் பள்ளி ஆண்டுவிழாவிலும் நாம் போடும் நாடகங்களுக்கு இந்த இடம் போதும்.

ஆனால் அந்த விலக்கு நடிப்பதற்குத்தான். படம் பிடித்து உலகம் முழுவதும் பார்க்கும்படி ஏற்றி, விளம்பர வருமானம் பெறுவதை அது காப்பாற்றாது. அது மக்களிடம் கொண்டுசேர்க்கும் தனி உரிமை, அது ஆசிரியரிடம் இருக்கிறது.

பெயர் விஷயம் இன்னும் வலுவானது. 57ஆம் பிரிவு தரும் தார்மிக உரிமை, பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் ஆசிரியரிடமே இருக்கும். "இதைப் படைத்தவர் நான்" என்று உரிமை கோரலாம். தன் பெயருக்கும் மதிப்புக்கும் கேடு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கலாம். இதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் மாபெரும் வெண்கலச் சுவர்ச்சிற்பம் ஒன்றை அமைத்தார். 1979இல் புதுப்பிக்கும் பணியின்போது அதைப் பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சிதைத்துவிட்டார்கள். சிற்பம் அரசின் சொத்து, ஆனாலும் அவர் மத்திய அரசின் மீதே வழக்குத் தொடுத்தார். 2005இல் தில்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய பாகங்களை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் ஆணையிட்டது. அந்தச் சிறுமியிடம் தைரியமாகச் சொல்லுங்கள் அம்மா, அந்தப் பாட்டி உங்கள் வகுப்பில் பிறந்தவள் என்று.

மேடைக்காரன்:

பெயரை மாற்றியது தவறுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. நடிப்பதற்கு விலக்கு உண்டு என்ற பிரிவை எங்கள் குழுவினருக்கும் சொல்கிறேன். இனி ஆசிரியர் பெயரை முதல் அறிவிப்பிலேயே சொல்வது என்று வைத்துக்கொள்கிறோம்.

துவாரகா குறும்படம்:

பதிவு செய்யும் முறையைப் பற்றி நான் எழுதுகிறேன், என் திரைக்கதையைப் பதிவு செய்திருக்கிறேன். பதிப்புரிமை அலுவலகம் நம் ஊரிலேயே துவாரகா செக்டார் 14இல், பௌத்திக் சம்பதா பவனில் இருக்கிறது. நாடு முழுமைக்கும் ஒரே அலுவலகம். ஆனால் மெட்ரோ பிடித்துப் போக வேண்டிய அவசியமில்லை, எல்லாம் இணையத்திலேயே முடிந்துவிடும்.

அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கிப் படிவம் 14ஐ நிரப்ப வேண்டும். எழுத்து, நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்குப் படைப்பு ஒன்றுக்கு 500 ரூபாய். ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000. பணம் கட்டியதும் ஒரு டைரி எண் கிடைக்கும். டைரி எண் கிடைத்ததையே பதிவு ஆகிவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது விண்ணப்பம் வந்து சேர்ந்ததற்கான எண் மட்டுமே. அதன்பிறகு 30 நாள் காத்திருப்பு, யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. ஆட்சேபம் வந்தால் இரு தரப்பையும் விசாரிப்பார்கள். வராவிட்டால் பரிசோதகர் விண்ணப்பத்தைப் பார்ப்பார். குறை இருந்தால் கடிதம் வரும், அதற்கு உரிய நாளுக்குள் பதில் போடாவிட்டால் கோப்பு முடங்கிவிடும். அதனால் மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.

படிவத்தில் நின்று நிதானமாக நிரப்ப வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, ஆசிரியர் யார், உரிமையாளர் யார் என்ற பத்திகள். இரண்டும் ஒருவரே என்றால் சிக்கலில்லை. வேறு வேறு என்றால் ஆசிரியரிடமிருந்து உரிமை மாற்று ஒப்பந்தமோ தடையில்லாச் சான்றோ கேட்பார்கள். மற்றது, படைப்பு வெளியானதா, வெளியாகாததா என்ற கேள்வி. நூல் அச்சாகும் முன்பே விண்ணப்பித்தால் வெளியாகாத படைப்பு என்று போட்டுவிடலாம். அச்சான பிறகு என்றால் வெளியான ஆண்டு, பதிப்பாளர் பெயர், முகவரி எல்லாம் வரும், பதிப்பாளரின் தடையில்லாச் சான்றும் தேவைப்படலாம். அம்மா, பதிப்பகத்தாரிடம் பிரதியைக் கொடுக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது. நாடகங்கள் அனைத்தையும் ஒரே தொகுப்பு நூலாக்கி, ஒரே எழுத்துப் படைப்பாகப் பதிவு செய்கிறவர்கள் உண்டு, கட்டணமும் ஒன்றுதான்.

யாராவது ஏஜென்ட் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். எழுதியவர் தாமே நிரப்பக்கூடிய படிவம் அது.

லாஜ்பத் நகர் அச்சுத்துணி:

நான் கோலங்களை அடிப்படையாக வைத்து மரக்கட்டை அச்சில் துணி வடிவமைக்கிறேன். 500 ரூபாய் கட்டினால் என் வடிவங்களும் பாதுகாக்கப்படுமா?

செக்டார் நான்கு:

உங்கள் நிலை வேறு, கவனமாக இருங்கள். வழிவழியாக வந்த புள்ளிக் கோலம் யாருக்கும் சொந்தமில்லை. நீங்கள் புதிதாக வரைந்த அமைப்பு உங்களுடையது. ஆனால் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க வடிவம் ஒன்றை அங்கே பதிவு செய்யாமல், தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் நகலெடுத்துவிட்டால் அந்த வடிவத்தின் மீதான பதிப்புரிமை முடிந்துவிடும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. துணிக்கு 50 என்பது ஒரு வாரம் தாங்காது. 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, துணியை விற்பனைக்கு வைக்கும் முன்பே பதிவு செய்யுங்கள். 10 ஆண்டுக் காப்பு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

ஜனக்புரி தமிழாசிரியர்:

நான் பள்ளியில் நிரந்தரப் பணியில் இருப்பவன். ஆண்டுவிழாவுக்கு நான் எழுதிய பாடல்கள் யாருடையவை? பள்ளி நிர்வாகம் அதை ஒலிப்பதிவாக்கி வெளியிடப் போகிறது.

செக்டார் நான்கு:

17ஆம் பிரிவைப் படியுங்கள். பணி ஒப்பந்தத்தின் கீழ், வேலையின் பகுதியாகப் படைத்ததற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் வேலை கொடுத்தவர்தான். கேள்வியெல்லாம் பாட்டு எழுதுவது உங்கள் வேலையின் பகுதியா என்பதில் நிற்கும். பாடம் நடத்த நியமிக்கப்பட்டவர் இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதிய பாட்டுக்கும், கலை நிகழ்ச்சிப் பொறுப்பு என்று ஆணை பெற்றவர் எழுதிய பாட்டுக்கும் வித்தியாசம் உண்டு. நியமன ஆணையை எடுத்துப் பாருங்கள். எப்படியிருந்தாலும் ஒலிப்பதிவில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று இப்போதே ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மயூர் விகார் அம்மாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர் யாரிடமும் ஊழியராக இல்லை.

முனிர்கா மொழிபெயர்ப்பாளர்:

எல்லோரும் பதிவைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுதுகிறவர்கள் உண்மையில் இழப்பது திருட்டில் அல்ல, தாமே கையெழுத்துப் போட்ட தாளில்தான் என்பது என் அனுபவம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

தமிழிலிருந்து இந்திக்கு ஒரு நாவலை மொழிபெயர்த்தேன். மூல ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேன். மொழிபெயர்க்கும் உரிமை மூல ஆசிரியருடையது, அனுமதியோடு செய்த மொழிபெயர்ப்புக்குத் தனியாக ஓர் உரிமை உண்டு, அது மொழிபெயர்ப்பாளருடையது. பதிப்பகம் ஒரு தொகையைக் கையில் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கியது. "இந்நூலின் அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே" என்று ஒரே வரி. எத்தனை ஆண்டுக்கு என்று இல்லை, எந்த நாட்டுக்கு என்று இல்லை, அடுத்த பதிப்பு வந்தால் எனக்கு என்ன என்றும் இல்லை. நூல் பலமுறை அச்சானது. கேட்கப் போனபோது, "எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே" என்றார்கள்.

பிறகு ஒரு வழக்கறிஞர் 19ஆம் பிரிவைக் காட்டினார். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி என்ன என்று அதில் சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவிதமாக எழுதியிருந்தால் தவிர, அது தானாகவே காலாவதியாகிவிடும். அந்த ஒற்றை வரித் தாளில் காலம் இல்லாதது எனக்கு நல்லதாகப் போயிற்று. 5 ஆண்டு எப்போதோ முடிந்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டி எழுதியபின் புதிய ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தார்கள், இப்போது ராயல்டி வருகிறது.

உரிமையை மாற்றிக் கொடுப்பது வீட்டை விற்பது, உரிமம் கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுவது. பதிப்பகத்துக்கு அச்சிட்டு விற்க உரிமம் இருந்தால் போதும். ஏன் விற்க வேண்டும்? சென்னைப் பதிப்பகத்தின் வரைவு கைக்கு வந்ததும், கையெழுத்துப் போடும் முன் இங்கே அந்தப் பகுதியைப் பதியுங்கள்.

ரோகிணி அப்பா:

இடையில் ஒரு கேள்வி. என் மகளின் நாடகத்தில் பாரதியார் பாட்டும் கவிமணி பாட்டும் வருகின்றன. யூடியூபில் போட்டால் சிக்கல் வருமா?

முனிர்கா மொழிபெயர்ப்பாளர்:

ஆசிரியர் இறந்த மறு ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு வரை உரிமை. முன்பு 50 ஆண்டாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் பொதுவுடைமையாகும் வேளை வந்தபோது, 1992இல் 60 ஆக்கினார்கள். பாரதி மறைந்தது 1921இல், அவர் எழுத்துகள் நாட்டுடைமையும் ஆனவை. கவிமணி மறைந்தது 1954இல், 2014 முடிவோடு காலம் முடிந்தது. இருவர் வரிகளையும் தாராளமாகப் பாடலாம். ஆனால் ஒரு திரைப்படத்திலோ இசைத்தட்டிலோ வந்த மெட்டையும் ஒலிப்பதிவையும் எடுத்துப் போடாதீர்கள், அவற்றுக்கு வேறு உரிமையாளர்கள் இருப்பார்கள். மகளே மெட்டமைத்துப் பாடினால் அந்தப் பிரச்சினை எழாது.

கரோல்பாக் அச்சகம்:

அந்த யூடியூப் காணொளியை இறக்க என்ன வழி? போலீஸுக்குப் போக வேண்டுமா?

துவாரகா குறும்படம்:

முதலில் யூடியூபின் சொந்தப் புகார்ப் படிவம். அதற்குப் பதிவு எண் தேவையில்லை. உங்கள் படைப்பு எது, அவர்கள் காணொளியில் எந்த நிமிடத்திலிருந்து எது நகல் என்று குறிப்பிட வேண்டும். உங்கள் பெயர் எதிர்த் தரப்புக்குத் தெரியவரும். அவர்கள் எதிர்வாதம் தாக்கல் செய்தால், நீங்கள் நீதிமன்றம் போனதற்கான ஆதாரத்தை 10 வேலை நாளுக்குள் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் காணொளி திரும்ப வந்துவிடும்.

செக்டார் நான்கு:

அந்தக் கட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். 62ஆம் பிரிவுப்படி உரிமையாளர் தாம் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் அம்மா தில்லியை விட்டு நகர வேண்டியதில்லை. தெரிந்தே மீறுவது 63ஆம் பிரிவின்படி குற்றமும் கூட: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். போலீஸ் தானாகவே வழக்குப் பதியத்தக்க குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆயினும் இந்த விஷயத்தில் முதல் அடி போலீஸ் நிலையமாக இருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பெயரைத் திருத்து, இல்லையேல் இறக்கு என்று தெளிவான ஒரு நோட்டீஸ் போதும். அதிலும் மிரட்டல் வேண்டாம். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குப் போட 60ஆம் பிரிவு எதிராளிக்கும் இடம் தருகிறது.

மயூர் விகார் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி இரு காணொளிகளிலும் ஒத்த வசனங்களை நிமிடக் கணக்கோடு பட்டியலிட்டு, விழா அழைப்பிதழையும் இணைத்து அந்தச் சேனலுக்கு எழுதினேன். பதிவு எண் பற்றி இப்போது அவர்கள் பேசவில்லை. காணொளியின் விவரப் பகுதியில் என் பெயரை ஆசிரியராகப் போட்டுவிட்டார்கள். காணொளிக்குள் வரும் பெயர் இன்னும் மாறவில்லை. மறுபடி ஏற்றச் சொல்லியிருக்கிறேன், மறுத்தால் படிவத்தை நிரப்பிவிடுவேன். தொகுப்பைப் பதிவு செய்யவும் விண்ணப்பித்துவிட்டேன், டைரி எண் வந்துவிட்டது.

பதிப்பகத்தின் வரைவும் வந்திருக்கிறது. அதிலுள்ள வரி இது: "ஆசிரியர் இந்நூலின் அச்சு, மின்னூல், ஒலி, ஒளி, நாடக, மொழிபெயர்ப்பு உரிமைகள் அனைத்தையும், இனி தோன்றக்கூடிய எல்லா ஊடகங்களுக்குமான உரிமைகளையும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும்வரை பதிப்பகத்துக்கு மாற்றித் தருகிறார்." என்ன செய்யட்டும்?

முனிர்கா மொழிபெயர்ப்பாளர்:

கையெழுத்துப் போடாதீர்கள். இப்படி மாற்றிக் கேளுங்கள்:

"ஆசிரியர் இந்நூலைத் தமிழில் அச்சு நூலாகவும் மின்னூலாகவும் இந்தியாவில் வெளியிட்டு விற்பதற்கு மட்டும், ஒப்பந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குப் பதிப்பகத்துக்குத் தனி உரிமம் அளிக்கிறார். மேடை, ஒலி, ஒளி, மொழிபெயர்ப்பு உரிமைகளும் இங்கே சொல்லப்படாத பிற உரிமைகள் அனைத்தும் ஆசிரியரிடமே இருக்கும். பதிப்பகம் ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் விற்பனைக் கணக்கை ஆசிரியருக்கு எழுத்தில் தரும்."

ராயல்டி விழுக்காட்டை எண்ணிலும் எழுத்திலும் போடச் சொல்லுங்கள். "இனி தோன்றக்கூடிய ஊடகங்கள்" என்ற சொற்களை முழுவதும் அடித்துவிடுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போடும்போது இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர, உரிமை மாற்றம் செல்லாது. அதைத் தெரிந்துகொண்டே இந்தச் சொற்களைச் சேர்க்கிறார்கள்.

செக்டார் நான்கு:

அதோடு ஒரு வரி சேருங்கள் அம்மா: "பள்ளிகளும் தமிழ் வகுப்புகளும் அமெச்சூர் குழுக்களும் கட்டணமின்றி நடிக்க ஆசிரியர் அனுமதி அளிக்கிறார்; ஆசிரியர் பெயரை அறிவிக்க வேண்டும்; ஒளிப்பதிவை வெளியிட எழுத்தில் அனுமதி பெற வேண்டும்." இதை நூலின் உரிமைப் பக்கத்திலேயே அச்சிடச் சொல்லுங்கள். மேடைக்காரர் போன்றவர்கள் யாரையும் தேடி அலைய வேண்டியிருக்காது.

மேடைக்காரன்:

நூல் வந்ததும் எங்களுக்கு ஒரு பிரதி வேண்டும், அம்மா. பாட்டி வேடத்துக்கு எங்களிடம் ஆள் தயாராக இருக்கிறார். உங்கள் பெயரைச் சொல்லித்தான் திரை விலகும்.